செயற்கைப் புல்லும் இயற்கைப் புல்லும்: தோட்டப்புறக் காற்பந்து அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காற்பந்து ஆடும் ஒரு பையனின் ஒரு வாரத்தைக் கவனித்தால், அவன் கால் மூன்று வகைத் தரையை மிதித்திருப்பது தெரியும். செவ்வாய் இரவு, நண்பர்கள் ஆளுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் செயற்கைப் புல் ஆடுகளம். வியாழன் மாலை பள்ளித் திடல். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே கிடக்கும் பழைய தோட்டத் திடல். மூன்றுக்கும் அவனிடம் இருப்பது ஒரே சோடிக் காலணி. முட்டி வீங்கி வீடு திரும்பும் நாளில், "அந்தப் பிளாஸ்டிக் புல்லில் ஆடியதால்தானே இப்படி ஆனது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இளையோர் அணி ஒன்றுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்துவரும் நான், இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்வதை விட்டுவிட்டேன். செயற்கைப் புல்லிலும் இயற்கைப் புல்லிலும் ஏற்படும் காயங்கள் ஒரே வகையானவை அல்ல. அந்தக் காயங்களில் பெரும்பகுதி, தரைக்குப் பொருந்தாத காலணியாலும், வெயில் நேரத்தாலும், உடலைப் பழக்காமல் ஒரு தரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாலும் வருகிறது. இவை மூன்றும் நம் கையில் இருப்பவை என்பதால் இந்த வழிகாட்டி அவற்றைச் சுற்றியே அமைகிறது.

முதல் படி: தரையைத் தொட்டுப் பார்த்து அறிதல்

செயற்கைப் புல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று தலைமுறைகள் அடங்கியுள்ளன. 1966-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் அஸ்ட்ரோடோம் அரங்கத்தில் பேஸ்பால் ஆட்டத்துக்காக விரிக்கப்பட்டது முதல் தலைமுறை. குட்டையான நைலான் இழைகளைக் கொண்ட கம்பளம் என்றே அதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தலைமுறையில் இழைகளுக்கு நடுவே மணல் நிரப்பப்பட்டது. 1981-இல் இங்கிலாந்தின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழு செயற்கைத் தரைக்கு மாறியது. லூட்டன், ஓல்டம், பிரெஸ்டன் ஆகிய குழுக்கள் பின்தொடர்ந்தன. பந்து தாறுமாறாகத் துள்ளியதையும், சறுக்கி விழுந்தவர்களின் தோல் உரிந்ததையும் அக்கால ஆட்டக்காரர்கள் இன்றும் கசப்போடு நினைவுகூர்கிறார்கள். கடைசியாக எஞ்சியிருந்த பிரெஸ்டனும் 1994-இல் அதை அகற்றிவிட்டது.

இன்று முழு அளவுத் திடல்களில் காணப்படுவது மூன்றாம் தலைமுறை. ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரமுள்ள மென்மையான பாலிஎத்திலீன் இழைகள் நிற்க, அவற்றுக்கிடையே அடியில் மணலும் மேலே ரப்பர் துகளும் நிரப்பப்பட்டிருக்கும். அத்துகள்களில் பெரும்பாலானவை பழைய வாகன டயர்களை அரைத்துப் பெறப்படுபவை. டயரில் செயற்கை ரப்பரோடு இயற்கை ரப்பரும் கலந்திருப்பதால், விடியற்காலையில் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போன பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ரப்பரின் மீதே ஓடிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருவதுண்டு.

ஆனால் சிறு பட்டணங்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஆடுகளங்கள் எல்லாம் இந்த நிலையில் இருப்பதில்லை. இழை படுத்துவிட்டிருக்கும், துகள் மழையில் அடித்துக்கொண்டு போயிருக்கும், கோல் கம்பத்தின் முன்னாலும், பெனால்டி புள்ளியிலும், மூலையிலும் அடித்தளம் கையில் தட்டுப்படும். எனவே பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலில், கட்டைவிரலைப் புல்லுக்குள் அழுத்துங்கள். விரல் சற்றே புதைந்து, துகளின் மெத்தென்ற தன்மை தெரிய வேண்டும். சிமெண்டில் குத்தியது போல் இருந்தால் அந்தத் தரை அதிர்ச்சியைத் தாங்காது. அடுத்து, சரியாகக் காற்றடைத்த பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது உயரமான ஒருவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடிக்கும் அளவிலிருந்து, தள்ளாமல் விடுங்கள். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தன் தரச்சான்றுக்கு வைத்திருக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. பொதுப் பயன்பாட்டுத் திடல்களுக்கான சான்றில் பந்து 60 சென்டிமீட்டருக்கும் 1 மீட்டருக்கும் இடையில் எழ வேண்டும்; தொழில்முறைத் திடல்களுக்கான உயர்ந்த சான்றில் 85 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. பந்து பெரியவர் ஒருவரின் இடுப்புக்கு மேல் துள்ளினால், அத்தரையில் துகள் குறைந்துவிட்டது அல்லது இறுகிவிட்டது என்று கொள்ளலாம். நடுவில் ஒரு முறை, கோல் முன்னால் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை என விட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டால் அதுவே எச்சரிக்கை. திடலுக்கு ஃபிஃபா சான்று உண்டு என்று பலகை தொங்கினால் அதன் ஆண்டைப் பாருங்கள். உயர்ந்த சான்று ஓராண்டுக்கும், பொதுச் சான்று மூன்றாண்டுகளுக்கும் மட்டுமே செல்லும்.

இயற்கைப் புல்லும் ஒரே வகை அல்ல. நம் நாட்டின் பள்ளித் திடல்களிலும் தோட்டத் திடல்களிலும் பெரும்பாலும் படர்ந்திருப்பது கவ் கிராஸ் எனப்படும் அகன்ற இலைப் புல். நிழலையும் வளமற்ற மண்ணையும் பொறுத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படரும் அதற்கு, ஓயாத மிதியைத் தாங்கும் வலிமை குறைவு. வேர் ஆழமாக இறங்காததால், காலணியின் அடியில் உள்ள ஸ்டட் முனை பட்டதும் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வரும். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலேயே இந்தப் புல்லைப் பற்றிய புகார்கள் பெருகி, 2023-இல் அது அகற்றப்பட்டு ஸோய்சியா வகைப் புல் போடப்பட்டது. தேசிய அரங்கத்துக்கே இந்த நிலை என்றால், வெட்டும் இயந்திரம் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் தோட்டத் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண் தரை வெயிலில் பாறையாக இறுகி, மழையில் சேறாகிறது. ஒரே திடல் பிப்ரவரியில் ஒரு தரையாகவும் நவம்பரில் வேறொரு தரையாகவும் இருப்பதால், "இயற்கைப் புல் மென்மையானது" என்ற பொதுவான நம்பிக்கையை நம் திடல்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

இரண்டாம் படி: காலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஓடிவந்த ஆட்டக்காரர் ஒரு காலை ஊன்றித் திசை திரும்பும்போது, ஸ்டட் தரையைப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் சுழல்கிறது. இயற்கைப் புல்லில் அந்தச் சுழற்சி ஓர் அளவைத் தாண்டினால், வேரோடு ஒரு பிடி மண் பெயர்ந்து கால் விடுபட்டுவிடும். திடலைப் பராமரிப்பவருக்கு அந்தப் பள்ளம் நட்டம்; ஆட்டக்காரரின் முட்டிக்கு அதுவே காப்பு. செயற்கைப் புல் பெயராது. இழையும் துகளும் ஸ்டட்டை விடாமல் பிடித்துக்கொண்டால், மிஞ்சிய விசை கணுக்காலின் தசைநார்களுக்கும் முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநாருக்கும் போய்ச் சேர்கிறது. இதனால்தான் ஃபிஃபா தன் பொதுச் சான்றில், சுழற்சிக்குத் தரை காட்டும் எதிர்ப்பு 25 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் (திருகு விசையின் அலகு) இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. குறைந்தால் வழுக்கும்; கூடினால் பூட்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சுவீடனைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்டும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பாவின் உயர்நிலைக் குழுக்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காய விகிதத்தில் இரு தரைகளுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் கணுக்கால் சுளுக்கு செயற்கைப் புல்லில் கூடுதலாகக் காணப்பட்டது. 2023-இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஒரு கட்டுரை, காற்பந்தில் மொத்தக் காய விகிதம் செயற்கைப் புல்லில் சற்றுக் குறைவு என்றே முடிவு கண்டது. அதே ஆண்டு வெளியான மற்றொரு தொகுப்பாய்வோ பாதம், கணுக்கால் காயங்கள் செயற்கைப் புல்லில் அதிகம் என்று காட்டியது. இவை ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவோ குறைந்தோ இருக்க, காயத்தின் வகை இடம் மாறுகிறது என்று படித்தால் பொருந்திவிடும்.

பலரும் எடுத்துக்காட்டும் இன்னொரு ஆய்வு அமெரிக்கக் காற்பந்தைப் பற்றியது. அந்நாட்டின் தேசியக் காற்பந்து லீக்கில் (என்எஃப்எல்) 2012 முதல் 2016 வரை நடந்த ஆட்டங்களை அலசி 2019-இல் வெளியானது. செயற்கைத் தரையில் கால் காயங்கள் 16 விழுக்காடு கூடுதல் என்பது அதன் கணக்கு. அது வேறு விளையாட்டு. உடல் எடை வேறு, காலணி வேறு. நம் பையன்களுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொல்லிப் பயமுறுத்துவது நேர்மையாகாது. மேலும், மேற்சொன்ன காற்பந்து ஆய்வுகளில் ஒப்பிடப்பட்ட இயற்கைப் புல்லில் கணிசமான பகுதி நன்கு பராமரிக்கப்பட்ட ஐரோப்பியத் திடல். மாடு மேய்ந்து குளம்புப் பள்ளம் விழுந்த திடல் அன்று. நம் ஊரில் ஒப்பீடு செய்தால், பராமரிப்பற்ற இயற்கைத் திடலைவிட நல்ல செயற்கைத் திடல் கணுக்காலுக்குப் பாதுகாப்பாகவே அமையக்கூடும் என்பது என் கணிப்பு.

ஆடும் முறையும் மாறுகிறது. சுவீடனில் உயர்நிலை ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓடிய மொத்தத் தூரமும் வேக ஓட்டமும் இரு தரைகளிலும் ஒரே அளவாக இருந்தன. செயற்கைப் புல்லில் சறுக்கித் தட்டுவது குறைந்து, குறுகிய பாஸ்கள் கூடின. ஆனாலும் ஆண் ஆட்டக்காரர்கள் செயற்கைப் புல்லில் ஆடுவது உடலுக்குக் கடினமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஓடிய தூரம் ஒன்றாக இருந்தும் களைப்பு வேறாகத் தெரிகிறது என்பதைப் பயிற்றுநர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. செயற்கைப் புல் பயிற்சிக்கு மறுநாள் "கெண்டைக்கால் இறுகிவிட்டது" என்று பையன் சொன்னால் அது சோம்பேறித்தனம் ஆகாது.

மூன்றாம் படி: காலணியைத் தரைக்குப் பொருத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உண்டென்றால், இதைப் படியுங்கள். எங்கள் அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், நீண்ட கத்தி வடிவ ஸ்டட் கொண்ட காலணியோடு செயற்கைப் புல்லில் இறங்கி, யாரும் மோதாமல், பந்தும் அருகில் இல்லாமல், திரும்பிய திரும்பலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் காலணி அவனுடைய அண்ணன் ஆடியது. அளவும் அரை எண் பெரியது. அவன் மீண்டும் பந்தைத் தொட எட்டு மாதங்கள் ஆயின. காலணியைப் பார்க்காமல் அவனை உள்ளே விட்டது என் தவறு.

காலணியின் அடியிலோ, பெட்டியிலோ, நாக்கிலோ இரண்டெழுத்துக் குறி ஒன்று இருக்கும். எஃப்ஜி என்றால் உறுதியான இயற்கைப் புல்லுக்கு உரியது. ஸ்டட் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். எஸ்ஜி என்பது ஈரமான மென்மண்ணுக்கு. பெரும்பாலும் உலோக முனை கொண்டது. செயற்கைப் புல்லில் அதற்கு அறவே இடமில்லை. ஏஜி என்பது மூன்றாம் தலைமுறைச் செயற்கைப் புல்லுக்காகச் செய்யப்பட்டது. குட்டையான, உருண்டையான ஸ்டட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்து அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும். டிஎஃப் என்பது சிறு ரப்பர் மொட்டுகள் நிறைந்த அடி. இழை குட்டையான பழைய ஆடுகளங்களுக்கும், துகள் போய்விட்ட வாடகைக் களங்களுக்கும் அதுவே ஏற்றது.

குடும்பத்தால் ஒரு சோடிதான் வாங்க முடியும் என்பதே நம்மில் பலரது நிலை. அப்படியானால் எஃப்ஜி வாங்குவதைவிட ஏஜி வாங்குவதே புத்திசாலித்தனம். வெயில் காலத்துச் செம்மண் திடல் இறுகிக் கிடக்கும்போது அங்கும் ஏஜி நன்றாகவே ஒத்துழைக்கும். நீண்ட ஸ்டட் இறங்காத தரையில் குட்டையான பல ஸ்டட்டுகள் பாதத்தின் அடி வலியைக் குறைக்கும். சேற்றில்தான் அது வழுக்கும். சேறான நாளில் வேகத்தைக் குறைத்து ஆடச் சொல்வது, செயற்கைப் புல்லில் முட்டி பூட்டிக்கொள்வதைவிடச் சிறிய விலை. வாரத்தில் பெரும்பாலான நாள் குட்டை இழை வாடகைக் களத்தில் ஆடுபவர் மட்டும் டிஎஃப் வாங்கலாம்.

அளவு பற்றி ஒரு சொல். "வளர்கிற பிள்ளை, ஒரு எண் பெரிதாக வாங்கு" என்பது பள்ளிச் சப்பாத்துக்குச் சரி. பந்தாட்டக் காலணிக்குச் சரியில்லை. காலணிக்குள் பாதம் நழுவினால் நகம் கறுத்து, குதிகாலில் கொப்புளம் வந்து, ஊன்றும் கோணமே மாறிவிடும். பால் வெட்டுக்காரர்கள் அணியும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை, நம்மவர் 'கம்போங் அடிடாஸ்' என்று கேலியாகவும் அன்பாகவும் சொல்வதை, போட்டுக்கொண்டு ஆடிய தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. மலிவான அந்தச் சப்பாத்தின் ரப்பர் முனைகள் குட்டையானவை. அது காலோடு ஒட்டியும் கிடக்கும். இன்றைய விலையுயர்ந்த, ஆனால் அளவு பொருந்தாத காலணியைவிடச் சில விதங்களில் அது மேலானதாகவே இருந்தது.

நான்காம் படி: வெயிலையும் மழையையும் கணக்கில் கொள்ளுதல்

ஐரோப்பாவில் எழுதப்படும் ஒப்பீடுகளில் ஒரு பத்தியாக வந்துபோகும் வெப்பம், பேராக்கில் முதன்மையான செய்தி. உயிருள்ள புல் வேரால் நீரை இழுத்து இலை வழியே ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. செயற்கை இழைக்கு அந்த வழி இல்லை. கறுப்பு ரப்பர் துகளோ வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. காற்றின் வெப்பம் 33 டிகிரியாக இருக்கும் பிற்பகலில், செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வியப்பில்லை. அதன் மீது நிற்பவரின் பாதம் எரியும். கீழிருந்து எழும் வெப்பம் முகத்தில் அடிக்கும். பெரியவர்களைவிட உயரம் குறைந்த பிள்ளைகள் அந்தச் சூட்டுக்கு அருகிலேயே ஓடுகிறார்கள்.

புறங்கையைப் புல்லின் மீது வைத்து, மனத்துக்குள் ஏழு எண்ணுங்கள். அதற்குள் கையை எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். காலை 10 மணிக்குப் பிறகும், மாலை 5 மணிக்கு முன்பும் திறந்தவெளிச் செயற்கைப் புல்லில் பயிற்சி வைப்பதை எங்கள் அணி நிறுத்திவிட்டது. நம் பக்கம் ஏழு மணியைத் தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் மாலைப் பயிற்சிக்கு நேரம் போதும். தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும். ஆனால் வெயில் தொடர்ந்தால் அந்தப் பலன் நெடுநேரம் நிலைக்காது. தெளித்த நீர் ஆவியாகி எழுவதால், ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் காற்றில் புழுக்கமும் கூடும்.

வெப்பமும் ஈரமும் வெயிலும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டும்போது குளிர்விக்கும் இடைவேளை விடலாம் என்பது ஃபிஃபாவின் வழிமுறை. 2014 உலகக் கிண்ணத்தில், ஃபோர்ட்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்தில் அத்தகைய இடைவேளை விடப்பட்டதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அந்த அளவுக் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் நிறுத்தி, நிழலில் தண்ணீர் கொடுப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவை தெரிந்தால் அந்தப் பிள்ளையின் ஆட்டம் அன்றோடு முடிந்தது. குழப்பமோ மயக்கமோ இருந்தால் ஈரத்துணியாலும் பனிக்கட்டியாலும் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை நல்ல வடிகால் உள்ள செயற்கைத் திடலுக்கே வெற்றி. அரை மணி நேரத்தில் மீண்டும் ஆடலாம். ஆனால் இடி கேட்டால் எந்தப் புல்லாக இருந்தாலும் உடனே கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். கோல் கம்பத்தின் அருகிலும், ஓரத்து மரத்தடியிலும் ஒதுங்குவது ஆபத்து.

ஐந்தாம் படி: ஒரு தரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல்

தோட்டத் திடலிலேயே பழகிய அணிக்கு, ஈப்போவில் செயற்கைப் புல்லில் போட்டி என்று அறிவிப்பு வருகிறது. வழக்கமாக என்ன செய்கிறோம்? போட்டிக்கு முந்தின வாரம் ஆடுகளத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஆட விடுகிறோம். உடலுக்கு இதைவிட மோசமான அறிமுகம் இருக்க முடியாது. மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு அமர்வுகள் 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; அவற்றில் பந்தைக் கட்டுப்படுத்துவது, குறுகிய பாஸ், மெதுவான திருப்பங்கள் மட்டும் போதும். மூன்றாம் அமர்விலிருந்து வேக ஓட்டத்தையும் திடீர் நிறுத்தத்தையும் சேர்க்கலாம். முழு ஆட்டம் நான்காம் அல்லது ஐந்தாம் அமர்வில். அந்த வாரங்களில் தோட்டத் திடல் பயிற்சியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் முழு அளவில் வைத்தால் பழக்குவதன் பயனே போய்விடும்.

எதிர்த்திசை மாற்றத்தை நாம் மறந்துவிடுகிறோம். சமதளமான செயற்கைப் புல்லிலேயே வாரம் முழுவதும் ஆடியவர், ஞாயிறன்று மேடுபள்ளமான திடலில் இறங்கும்போது, கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் அதற்குத் தயாராக இருப்பதில்லை. ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்து எறிவது போன்ற சமநிலைப் பயிற்சியை வாரம் மூன்று நாள், வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

எந்தத் தரையானாலும், ஃபிஃபா 11+ என்ற உடல் தயார்ப் பயிற்சியை அணியின் வழக்கமாக்குங்கள். ஓட்டம், வலிமையும் சமநிலையும், மீண்டும் வேக ஓட்டம் என மூன்று பகுதிகளாக, ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண் பிள்ளைகளுக்கு முட்டியின் சிலுவைத் தசைநார் கிழியும் அபாயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், அவர்கள் அணியில் இதைத் தவிர்ப்பதற்கு நியாயமே கிடையாது. 2015-இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கிண்ணம் முழுவதும் செயற்கைப் புல்லிலேயே ஆடப்பட்டதும், ஆண்களுக்கு ஒரு புல் பெண்களுக்கு ஒரு புல்லா என்று முன்னணி ஆட்டக்காரிகள் அதற்கு முந்தின ஆண்டே ஒண்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. அந்த முறையீடு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

ஆறாம் படி: தோல், துகள், துப்புரவு

செயற்கைப் புல்லில் சறுக்கினால் உரசலும் வெப்பமும் சேர்ந்து தோலை உரித்துவிடும். பார்ப்பதற்குச் சிராய்ப்புப் போலத் தெரிந்தாலும் அது ஒரு வகைத் தீக்காயமே. 2003-இல் அமெரிக்கக் காற்பந்துக் குழுவான செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில், மருந்துக்கு எளிதில் அடங்காத ஸ்டாஃபிலோகோக்கஸ் கிருமி பரவியபோது, புண்கள் யாவும் இத்தகைய உரசல் காயங்கள் இருந்த இடங்களிலேயே தோன்றியது கண்டறியப்பட்டது. துண்டுகளைப் பகிர்ந்துகொண்டதும், குளிக்காமல் பொதுத் தொட்டியில் இறங்கியதும் பரவலுக்குத் துணைபோயின. அதனால் ஒரே துண்டால் அணி முழுவதும் முகம் துடைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, உள்ளே ஒட்டிய துகளை நீக்கி, சுத்தமான துணிக்கட்டால் மூடுங்கள். வீட்டில் பாட்டி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தால் அவருடைய அன்பை ஏற்று, மஞ்சளைச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள். திறந்த புண்ணில் வீட்டு மருந்து எதையும் பூசக்கூடாது. கோல் காப்பாளர்கள் நீண்ட காற்சட்டையும் முழங்கை உறையும் அணிவது நல்லது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய காப்பாளர் ஆர். ஆறுமுகம் பாய்ந்து விழுந்த காலத்தில் தரை புல்லும் சேறுமாக இருந்தது. அந்தப் பாய்ச்சலைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் இன்று விழுவது வேறொன்றின் மீது.

ரப்பர் துகளால் புற்றுநோய் வருமா என்ற அச்சமும் பெற்றோரிடம் உண்டு. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2016-இலும், ஐரோப்பிய இரசாயன முகமை 2017-இலும், அத்திடல்களில் ஆடுவதால் வரும் அபாயம் மிகமிகக் குறைவு என்றே மதிப்பிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபரிலிருந்து இத்துகள்களின் விற்பனையைத் தடை செய்திருப்பதற்குக் காரணம் அது அன்று. அவை நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் சேர்வதுதான். நம் ஊரின் ஒரு மணி நேரப் பெருமழைக்குப் பிறகு, ஆடுகளத்தின் ஓரத்து வாய்க்காலில் கறுப்புத் துகள் கோடாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் நோக்கம் எளிதில் விளங்கும். ஆட்டம் முடிந்ததும் காலணியையும் காலுறையையும் களத்தின் உள்ளேயே உதறுங்கள். சாப்பிடுவதற்கு முன் கை கழுவுங்கள்.

ஏழாம் படி: தோட்டத் திடலை ஆடத் தகுந்ததாக வைத்திருத்தல்

நெதர்லாந்தின் முதல்நிலை லீக் 2025-26 பருவத்திலிருந்து செயற்கைப் புல்லைக் கைவிட முடிவு செய்தது. ஸ்காட்லாந்தின் முதல்நிலைக் குழுக்களும் 2026-27 முதல் அதை விலக்க வாக்களித்தன. பெரிய இடங்கள் புல்லுக்குத் திரும்பும்போது, கையில் உள்ள திடலை நாம் பாழாக விடுவது பொருத்தமில்லை. தோட்டத் திடலை முற்றாகக் கைவிட்டு வாடகைக் களத்துக்கே போய்விடலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை; அங்கே ஆட வெள்ளி தேவைப்படாது என்ற ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நின்று, திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தலைகுனிந்து நடந்து போங்கள். கண்ணாடித் துண்டு, கல், செம்பனை மட்டையின் முள், மாட்டுக் குளம்புப் பள்ளம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தென்பட்டுவிடும். திருவிழாவுக்குப் பந்தல் போட்ட குழிகளைத் தனியாகத் தேடுங்கள். மேலே புல் மூடி, உள்ளே ஒரு சாண் ஆழம் இருக்கும் அந்தக் குழிகளே எங்கள் திடலின் மிக மோசமான கணுக்கால் பொறிகள். பந்தல் பிரித்த அன்றே மணலும் மண்ணும் கலந்து இடித்து நிரப்பும் பொறுப்பைக் கோயில் குழுவிடம் பேசி ஏற்படுத்திக்கொண்ட பிறகு எங்களுக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

இறுகிய மண்ணுக்கு, மழைக்கு மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது, தோட்டக் கவைக்கோலை ஒரு சாண் இடைவெளியில் குத்தி லேசாக அசைத்துத் துளையிட்டு, மேலே ஆற்று மணலைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். கோல் முன்னாலும் நடுவட்டத்திலும் மட்டும் செய்தாலே வேறுபாடு தெரியும். புல்லை ஒரேயடியாக மொட்டையடிக்காமல், ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிழைக்கும். பயிற்சிக்கு அகலவாக்கில் திடலைப் பயன்படுத்துங்கள். கோல் முகப்பு ஓய்வெடுக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில் ஆடாமல் இருப்பது கடினம்தான். ஆனால் அன்று ஒரு மணி நேரம் ஆடிக் கிளப்பிய சேறு, அடுத்த மாத வெயிலில் கல்லாக இறுகி நம் கால்களையே பதம் பார்க்கும்.

எட்டாம் படி: காயம் பட்ட பிறகு

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு நீவி விடுவது நம் வழக்கம். முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கு நீவுவதும் சூடு கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். துணிக்கட்டும், காலை உயர்த்தி வைப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியும் போதும். நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முட்டியில் 'டப்' என்ற ஒலி கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால், சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம் என்றே எண்ணி மருத்துவரிடம் போங்கள். வீக்கம் வடிந்து நடக்க முடிகிறதே என்று திரும்ப ஆட விடுவதால்தான் குருத்தெலும்பும் சேர்ந்து கெடுகிறது.

கடைசியாக, ஒரு பள்ளிக் குறிப்பேட்டை வாங்கி அணியின் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு வரி: தேதி, நேரம், எந்தத் திடல், தரை ஈரமா காய்ந்ததா, காலணியின் குறி, மோதலாலா தானாகவா, அந்த வாரத்தில் அவர் ஆடிய எத்தனையாவது ஆட்டம். எங்கள் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டு வரிகள் சேர்ந்த பிறகு திருப்பிப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட களத்தின் இடப்பக்க மூலையில் மட்டும் நான்கு பேர் கணுக்கால் பிசகியிருப்பது தெரிந்தது. போய்ப் பார்த்தோம். கம்பளத்தின் ஒட்டு பிரிந்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. உரிமையாளரிடம் குறிப்பேட்டைக் காட்டினோம். அந்த வாரமே ஒட்டித் தந்தார்.